ஓட்டை போட்ட பாலிமர் துகள்ல மருந்து ஏத்தணுமா? புதுசா லேபுக்கு வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு வருஷமும் எம்.ஃபார்ம், எம்.டெக் ப்ராஜெக்ட்டுக்குன்னு பசங்க லேபுக்கு வர்றாங்க, கைடு "பிஎல்ஜிஏல போரஸ் பார்ட்டிகிள் பண்ணிப் பாரு"ன்னு ஒரு வரில டாபிக் குடுத்துடுவாரு (பிஎல்ஜிஏங்கிறது உடம்புல கரையுற ஒரு பாலிமர், போரஸ்னா உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கிறது), அதுக்கப்புறம் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ரெண்டு மாசம் பேப்பரா படிச்சிட்டே போயிடும். படிக்கிறது நல்லதுதான், ஆனா பேப்பர்ல மெத்தட் செக்ஷன் நாலு வரிதான் இருக்கும், கை எங்க தவறும்னு அதுல யாரும் எழுத மாட்டாங்க. அந்தக் கை தவறுற இடத்த எல்லாம் நான் இங்க எழுதுறேன். கெமிஸ்ட்ரி பெருசா தெரியாதவங்களும் புரிஞ்சிக்கலாம்.

எதுக்கு ஓட்டை, அத முதல்ல முடிவு பண்ணுங்க

டீக்கடைல பொறையும் பட்டர் பிஸ்கட்டும் பக்கத்துப் பக்கத்து பாட்டில்ல இருக்கும்ல. பொறைய டீல முக்கினா ஒரு செகண்டுல மொத்த டீயையும் இழுத்துக்கும், உள்ள பூரா காத்து ஓட்டை அப்படி, ஆனா அதே வேகத்துல ஊறி கிளாஸுக்குள்ளயே விழுந்தும் போயிடும். பட்டர் பிஸ்கட் நெருக்கமா இருக்கும், மெதுவாத்தான் ஊறும். நம்ம துகளும் இதேதான். மருந்து உள்ள போற வழிதான் வெளிய வர்ற வழியும். ஓட்டை போட்டா நிறைய ஏறும், சீக்கிரமும் இறங்கிடும். இத மனசுல வாங்கிக்காமத்தான் நிறைய பேர் "போரஸ் பார்ட்டிகிள், ஸ்லோ ரிலீஸ்"னு ஒரே தலைப்புல ரெண்டையும் போட்டுட்டு கடைசில ரிலீஸ் கிராஃப் முதல் நாலு மணி நேரத்துலயே மேல போய் நின்னதப் பாத்து முழிக்கிறாங்க.

மாசத்துக்கு ஒரு ஊசி மாதிரி மெதுவா வரணும்னா ஓட்டை உங்களுக்கு எதிரி. 1989-ல அமெரிக்கால அனுமதி வாங்கின லூப்ரான் டிப்போ இந்த வகைதான், ப்ராஸ்டேட் கேன்சருக்கு லியூப்ரோலைடு மருந்த பிஎல்ஜிஏ மாதிரி பாலிமர் துகள்ல அடைச்சு மாசம் ஒரு ஊசியா போடுறது, அதுல பாலிமர் மெதுவா கரையுறதுதான் மொத்த வித்தையும். ஓட்டை எங்க உதவும்னா, புரோட்டீன் மாதிரி சால்வென்ட்டும் (கரைப்பான்) சோனிகேட்டரும் (ஒலி அலையால கலக்குற கருவி) பட்டா கெட்டுப் போற மருந்த, ஏற்கனவே செஞ்சு கழுவி வெச்ச துகள்ல ஊற வெச்சு ஏத்தும்போது உதவும். தண்ணில சரியா கரையாத மருந்துக்கு நிறைய மேற்பரப்பு குடுக்கும்போது உதவும். அப்புறம் நுரையீரல்.

நுரையீரல் கதைய கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா அழகான விஷயம். இன்ஹேலர்ல இழுக்கிற துகள் ஆழமா போகணும்னா அதோட ஏரோடைனமிக் அளவு 1-ல இருந்து 5 மைக்ரானுக்குள்ள இருக்கணும். ஏரோடைனமிக் அளவுன்னா நிஜ விட்டம் இல்ல, விட்டத்த அடர்த்தியோட வர்க்கமூலத்தால பெருக்கணும். 10 மைக்ரான் துகள், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.1 கிராம்னு வெச்சுக்கோங்க, 0.1-க்கு வர்க்கமூலம் 0.316, ஆக காத்துல அது 3.2 மைக்ரான் துகள் மாதிரி நடந்துக்கும். பெரிய உருண்டைதான், ஆனா உள்ள காலியா இருக்கிறதால லேசா மிதந்து போகும். 1997-ல டேவிட் எட்வர்ட்ஸ், ராபர்ட் லாங்கர் குழு சயின்ஸ் பத்திரிகைல இதத்தான் காட்டினாங்க. இன்னொரு லாபம், பெரிய துகள நுரையீரல்ல இருக்கிற மேக்ரோஃபேஜ், அதாவது வெளிய இருந்து வர்றத முழுங்குற காவல் செல், சுலபமா முழுங்காது, அதனால மருந்து கொஞ்ச நேரம் தங்கும்.

ஆனா டிபின்னு வந்தா கணக்கு தலைகீழ். டிபி கிருமி அந்த மேக்ரோஃபேஜுக்குள்ளயேதான் குடித்தனம் பண்ணுது, அப்போ துகள அந்த செல் முழுங்கணும்னுதான் நாம ஆசைப்படணும், அப்படின்னா சின்ன சைஸ், ஒண்ணுல இருந்து மூணு மைக்ரான் பக்கம். ஒரே நுரையீரல், ஒரே பாலிமர், வியாதி மாறினா சைஸும் மாறுது. நம்ம ஊர்க்காரங்க டிபி பத்தி யோசிக்கிறது ரொம்ப இயல்பு, சென்னை சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல கீமோதெரபி சென்டரா ஆரம்பிச்சதுதான், சானடோரியத்துல படுக்க வைக்காம வீட்டுல இருந்தே மருந்து சாப்பிட்டாலும் டிபி குணமாகும்னு உலகத்துக்கே காட்டினது இங்க நடந்த ஆய்வுதான். அதனால நான் இந்தக் கட்டுரைல உதாரண மருந்தா ரிஃபாம்பிசின் எடுத்துக்கிறேன், டிபிக்குக் குடுக்கிற அந்தச் செங்கல் கலர் மாத்திரை.

சாமான்

பாலிமர் பிஎல்ஜிஏ. லாக்டிக் ஆசிட், கிளைகோலிக் ஆசிட் ரெண்டும் கோத்த மாலை, உடம்புல தண்ணி பட்டு திரும்ப அந்த ரெண்டாவே உடையும், ரெண்டையும் உடம்பு செரிச்சிடும். 50:50 சீக்கிரம் கரையும், 75:25 மெதுவா. ஆரம்பத்துக்கு 50:50 போதும். விலை அதிகம், அதனால ஃப்ரீசர்ல வெச்சிருக்கிற பாட்டில வெளிய எடுத்த உடனே திறக்காதீங்க, மூடின மேனிக்கே ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும், அரை மணி ஒரு மணி நேரம் ஆகும். நம்ம ஊர் காத்துல இருக்கிற ஈரம் சில்லுனு இருக்கிற பவுடர் மேல உடனே படியும், அந்த ஈரமே பாலிமர பாட்டிலுக்குள்ளயே உடைக்க ஆரம்பிச்சிடும். ஆறு மாசம் கழிச்சு அதே பாட்டில்ல இருந்து எடுத்தா வேற துகள் வருதேன்னு கேக்கிறவங்க முக்காவாசி பேர் பண்ணின தப்பு இதுதான்.

சால்வென்ட் டிசிஎம், அதாவது டைகுளோரோமீத்தேன். கொதிநிலை 40 டிகிரிதான், அதாவது கத்திரி வெயில்ல வெளிய வெச்சா தானா கொதிச்சிடும். மே மாசம் பாட்டில திறக்கும்போது புஸ்ஸுனு ஆவி வரும், ஆவிய இழுத்து வெளிய விடுற ஹூடுக்குள்ள மட்டும்தான் திறக்கணும், மூஞ்சில கட்டுற மாஸ்க் இதுக்கு ஒண்ணும் பண்ணாது. நீல நைட்ரைல் கிளவுஸையும் நம்பி இருக்காதீங்க, டிசிஎம் அத சீக்கிரம் ஊடுருவிடும், மேல பட்டா உடனே கழட்டி மாத்துங்க. வேஸ்ட்ட சிங்க்ல ஊத்தவே கூடாது, குளோரின் இருக்கிற சால்வென்ட்டுக்குன்னு தனி கேன் இருக்கும். அப்புறம் பிளாஸ்டிக். பாலிஸ்டைரீன் ட்யூபும் பிப்பெட்டும் டிசிஎம்ல கரையும். நான் முதல் வாரம் ஒரு தெளிவான ட்யூப்ல பாலிமர கரைச்சேன், ட்யூப் அடில நெளிஞ்சு போச்சு, 100 மில்லிகிராம் பிஎல்ஜிஏல எவ்வளவு ட்யூப் கலந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல, அப்படியே தூக்கிப் போட வேண்டியதாச்சு. கண்ணாடி வயல், அதாவது மூடி போட்ட சின்ன பாட்டில்தான் பாதுகாப்பு, பாரிஸ் கார்னர் பக்கம் லேப் சாமான் கடைகள்ல சல்லிசா கிடைக்கும், ஒரு டஜன் வாங்கி வெச்சுக்கோங்க.

பிவிஏ, அதாவது பாலிவினைல் ஆல்கஹால், துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம காப்பாத்துறதுக்கு. 87-89% ஹைட்ரோலைஸ் ஆனதா பாத்து வாங்குங்க. கோதுமை மாவு கரைக்கிற கதைதான், சுடு தண்ணில நேரா கொட்டினா கட்டி கட்டியா நிக்கும். பச்சைத் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா தூவி கலக்கிட்டு அப்புறம் 80-90 டிகிரிக்கு சூடு ஏத்தி தெளிவாகுற வரைக்கும் விடுங்க, ஆற வெச்சு வடிகட்டுங்க.

ஓட்டை போடுறது அமோனியம் பைகார்பனேட். பேக்கரில பிஸ்கட் பொங்க போடுவாங்களே அதே சாமான். சூடு பட்டா அமோனியா, கார்பன் டை ஆக்சைடு, தண்ணின்னு பிரிஞ்சு போயிடும், துகளுக்குள்ள மிச்சம் ஒண்ணும் நிக்காதுங்கிறதுதான் இதோட பெருமை. கரைசல அன்னன்னிக்குப் புதுசா போடுங்க, திறந்து வெச்சா ரூம்லயே மெதுவா ஆவியாகும்.

முதல் நாள் ஓட்டை இல்லாத துகள் பண்ணுங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுப்பீங்கன்னா இத வெச்சுக்கோங்க. மருந்தும் வேணாம், பைகார்பனேட்டும் வேணாம், வெறும் துகள். அது மூணு தடவை ஒரே மாதிரி வந்த அப்புறம்தான் அடுத்தது. ஓட்டை இல்லாத துகள் கைல இல்லன்னா, நாளைக்கு ரிலீஸ் வேகமா வந்தா அது ஓட்டையாலதான்னு நீங்க எத வெச்சு சொல்வீங்க? வைவால கேக்குற முதல் கேள்வியும் அதுவாத்தான் இருக்கும்.

அதே மாதிரி, டைட்டில்ல நானோன்னு இருந்தாலும் மைக்ரான் சைஸ்ல ஆரம்பிங்க. காரணம் சாதாரணம், மைக்ரான் துகள காலேஜ் மைக்ராஸ்கோப்லயே பாத்துடலாம், ஒரு நாளைக்கு மூணு பேட்ச் போட்டு அங்கயே திருத்தலாம். நானோவ பாக்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு வரிசைல நிக்கணும். இன்னொண்ணு, 200 நானோமீட்டர் உருண்டைக்குள்ள காத்துக் குமிழி வெச்சு ஓட்டை போடுறது நிஜமாவே கஷ்டம், குமிழி சின்னதாக ஆக அதுக்குள்ள அழுத்தம் ஏறும், வெடிச்சு வெளிய போயிடும், இல்லன்னா நடுவுல ஒரே பள்ளமா நின்னுடும். அந்த சைஸ்ல பைகார்பனேட்ட விட, பிளுரோனிக் மாதிரி தண்ணில கரையுற ஒண்ண பாலிமரோட கலந்துட்டு பின்னாடி தண்ணில கழுவி எடுக்கிற வழிதான் எனக்கு நம்பிக்கையா படுது.

சரி, செய்முறை. இது ஆரம்பப் புள்ளிதான், உங்க மெஷினுக்கு ஏத்த மாதிரி நகர்த்திக்கணும். 100 மில்லிகிராம் பிஎல்ஜிஏவ 2 மில்லி டிசிஎம்ல கரைச்சுக்கோங்க. ஓட்டை இல்லாத பேட்ச்னா இதுல 0.3 மில்லி வெறும் தண்ணி, ஓட்டை வேணும்னா அதே 0.3 மில்லி, ஆனா 5-ல இருந்து 10% அமோனியம் பைகார்பனேட் கரைசல். ஐஸ்ல வெச்சு ப்ரோப் சோனிகேட்டர்ல அரை நிமிஷம், விட்டு விட்டு. மோர் மாதிரி வெள்ளையா ஆகணும். ப்ரோப் நுனி கண்ணாடில தொடக்கூடாது, ஐஸ் இல்லன்னா டிசிஎம் கொதிச்சுப் போயிடும். உடனே இத 10 மில்லி 1% பிவிஏல ஊத்தி ஹோமோஜினைசர்ல ரெண்டு நிமிஷம், இதுதான் சைஸ முடிவு பண்ற இடம், வேகம் ஏத்தினா சின்னதாகும், நானோ வேணும்னா இங்கயும் ப்ரோப்தான். அப்புறம் இன்னும் 30, 40 மில்லி நீர்த்த பிவிஏல ஊத்தி ஹூடுக்குள்ள மூணு நாலு மணி நேரம் கலக்க விடுங்க, டிசிஎம் போகப் போக துகள் கெட்டியாகும்.

இதத்தான் டபுள் எமல்ஷன்னு சொல்றாங்க, தண்ணித் துளி, அதச் சுத்தி பாலிமர், அதச் சுத்தி தண்ணி. இங்க ஒரு ரகசியம் இருக்கு, பைகார்பனேட் வாயுவால மட்டும் ஓட்டை போடல. உள்துளில உப்பு இருக்கிறதால வெளித் தண்ணி அந்த மெல்லிய டிசிஎம் சுவரைத் தாண்டி உள்ள இழுபடும், துளி ஊதும், சுவர் கிழிஞ்சு ஓட்டையாகும். அப்போ வெளித் தண்ணில கொஞ்சம் சாதா உப்பு போட்டா இழுப்பு குறையும், ஓட்டையும் குறையும். இத ஒரு திருகு மாதிரி யூஸ் பண்ணலாம், பைகார்பனேட்ட தொடாமலே ஓட்டைய கூட்டிக் குறைக்கலாம், ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நல்ல டேபிளே இதுல வந்துடும். ஏசி ஆஃப் ஆகி ரூம் 34 டிகிரில இருக்கிற ஞாயித்துக்கிழமை போட்ட பேட்சும் திங்கட்கிழமை ஏசில போட்ட பேட்சும் ஒண்ணா இருக்காது, டிசிஎம் போற வேகம் மாறிடுதுல்ல, அதனால நோட்டுல ரூம் டெம்பரேச்சர் எழுதுங்க, தினமும்.

கழுவுறது, காய வைக்கிறது

மூணு தடவை கழுவுங்க, பிவிஏ மிச்சம் நின்னா எடைக் கணக்கு எல்லாமே பொய்யாகும். ஒவ்வொரு தடவையும் சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி துகள அடில உக்கார வைக்கணும், நானோவுக்கு 15,000 ஜி-க்கு (புவியீர்ப்பு மாதிரி அத்தனை மடங்கு இழுப்பு) மேல வேணும். ஆர்பிஎம்மும் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) ஜி-யும் வேற வேற, பேப்பர்ல 12,000 ஆர்பிஎம்னு போட்டிருந்தா அவங்க ரோட்டர் வேற உங்க ரோட்டர் வேற. ஜி-ன்னா 0.00001118 பெருக்கல் ரோட்டர் ஆரம் சென்டிமீட்டர்ல, பெருக்கல் ஆர்பிஎம் வர்க்கம். 8 சென்டிமீட்டர் ரோட்டர்ல 12,000 ஓட்டினா சுமார் 12,900 ஜி, 10 சென்டிமீட்டர்னா 16,100. வித்தியாசம் புரியுதா, ஒண்ணுல துகள் அடில உக்காரும், இன்னொண்ணுல பாதி மேல மிதக்குறத நீங்க கீழ ஊத்திடுவீங்க.

மைனஸ் 80-ல உறைய வெச்சு ரெண்டு நாள் லயோஃபிலைசர்ல (உறைஞ்ச மேனிக்கே வேக்குவத்துல காய வைக்கிற மெஷின்). நானோவ திரும்ப தண்ணில கலக்கணும்னா 5% ட்ரெஹலோஸ்ங்கிற சர்க்கரை சேத்து உறைய வைங்க, இல்லன்னா ஒட்டிக்கும், பிரியவே பிரியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ கரண்ட் போய் என்னோட ஆறு வயலும் பாதில உருகிடுச்சு, பாக்க பவுடர் மாதிரிதான் இருந்துச்சு, மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒரு ஓட்டை கூட இல்ல, எல்லாம் மூடி போய் கூழாங்கல்லு மாதிரி. பிஎல்ஜிஏ 45-50 டிகிரி பக்கம் இளகும், ஈரம் இருந்தா இன்னும் கீழயே இளகிடும், ஓட்டை அவ்வளவு நாசூக்கான விஷயம். மழை மாசத்துல லயோஃபிலைசர்ல இருந்து எடுத்த உடனே மூடி போட்டு சிலிக்கா ஜெல்லோட டெசிக்கேட்டர்ல வைங்க, ஃபோட்டோ எடுக்கிறதெல்லாம் அப்புறம்.

ஓட்டை இருக்குன்னு எப்படி நிரூபிக்கிறது

சைஸுக்கு டிஎல்எஸ், துகள் சிதறடிக்கிற வெளிச்சத்த வெச்சு சைஸ் சொல்ற கருவி. அலைநீளத்த விட ரொம்ப சின்ன துகள் சிதறடிக்கிற வெளிச்சம் விட்டத்தோட ஆறாம் அடுக்கு, அதாவது 100 நானோமீட்டர் தூசி ஒண்ணே ஒண்ணு, 10 நானோமீட்டர் துகள் சுமார் பத்து லட்சத்துக்கு சமமா வெளிச்சம் காட்டும். அதனால கியூவெட், தண்ணி ரெண்டும் சுத்தமா இருக்கணும், பிடிஐ, அதாவது சைஸ் எவ்வளவு சிதறி இருக்குங்கிற நம்பர், 0.2-க்குக் கீழ வந்தா நிம்மதி.

படத்துக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், லேப்ல செம்னுதான் சொல்வாங்க. சொந்தமா இல்லாத காலேஜ் பசங்க ஐஐடி மெட்ராஸ்ல வெளியாளுக்கும் கருவி குடுக்கிற சைஃப் மையத்துல கட்டணம் கட்டி சாம்பிள் குடுக்கலாம், ஐ-ஸ்டெம் போர்ட்டல்லயும் எந்தக் கருவி எங்க இருக்குன்னு தேடலாம். வரிசை நீளமா இருக்கும், அதனால ப்ராஜெக்ட் முதல் மாசமே பதிஞ்சு வைங்க. ஆப்பரேட்டர்கிட்ட "பாலிமர் சார், கம்மி வோல்ட்டேஜ் வைங்க, கோல்டு லேசா போதும்"னு மரியாதையா முன்னாடியே சொல்லிடுங்க, வோல்ட்டேஜ் ஏறினா பிஎல்ஜிஏ பீம்லயே உருகும், கோல்டு தடிமனா பூசினா சின்ன ஓட்டைய அடைச்சிடும். அப்புறம் மேல ஓட்டை தெரிஞ்சா உள்ளயும் இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஒரு சாம்பிள உறைய வெச்சு உடைச்சு வெட்டு முகத்தையும் பாக்கணும்.

கடைசியா பிஇடி, நைட்ரஜன் ஒட்ட வெச்சு மேற்பரப்பு அளக்கிறது. இதுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுட்டுப் போங்க. ஓட்டையே இல்லாத 200 நானோமீட்டர் உருண்டைக்கு ஒரு கிராமுக்கு எவ்வளவு மேற்பரப்பு? 6-ஐ அடர்த்தியால வகுத்து, அத விட்டத்தாலயும் வகுக்கணும். பிஎல்ஜிஏ அடர்த்தி 1.3, போட்டா சுமார் 23 சதுர மீட்டர். உங்க ரிப்போர்ட்ல 25 வந்திருந்தா அது ஓட்டையோட பரப்பு இல்ல, உருண்டையோட வெளிப்பரப்பு! அத விட பல மடங்கு வந்தாத்தான் கொண்டாடலாம். டீகேஸ் பண்றப்போ, அதாவது அளக்கிறதுக்கு முன்னாடி சாம்பிள்ல ஒட்டியிருக்கிற ஈரத்தையும் வாயுவையும் எடுக்கிறப்போ, வழக்கமா 100 டிகிரிக்கு மேல சூடு பண்ணுவாங்க, உங்க சாம்பிளுக்கு ரூம் டெம்பரேச்சர் வேக்குவம்தான்னு ஃபார்ம்லயே பெருசா எழுதுங்க. ட்ரெஹலோஸ் சேத்த சாம்பிள இதுக்குக் குடுக்காதீங்க, சர்க்கரை ஓட்டைய நிரப்பிடும்.

மருந்து ஏத்தி, இறக்கிப் பாக்கிறது

ரிஃபாம்பிசின் டிசிஎம்ல நல்லா கரையும், பாலிமரோடயே கரைச்சிடலாம், ஆனா பைகார்பனேட் காரத்தன்மை உள்ளது, அதுல ரிஃபாம்பிசின் ஆக்சிடைஸ் ஆகும். அதனால ஓட்டைத் துகள செஞ்சு கழுவி காய வெச்சிட்டு அப்புறம் மருந்துக் கரைசல்ல ஊற வைக்கிறதுதான் என்னோட சாய்ஸ், பொறைய டீல முக்குற மாதிரியேதான். பாலிமர கரைக்காத சால்வென்ட்டா மட்டும் பாத்துக்கோங்க. எல்லாத்தையும் ஃபாயில்ல சுத்தி வைங்க, வெளிச்சம் ஆகாது.

10 மில்லிகிராம் மருந்து போட்டீங்க, கழுவின தண்ணில 6 வந்துச்சு, அப்போ ஏறினது 4, எஃபிஷியன்சி 40%. 100 மில்லிகிராம் துகள்ல 4 ஏறினா லோடிங் 4 வகுத்தல் 104, சுமார் 3.8%. ரெண்டும் வேற வேற நம்பர், நோயாளிக்கு முக்கியம் ரெண்டாவதுதான், எவ்வளவு பவுடர் இழுக்கணும்னு அதுதானே சொல்லுது. கழுவின தண்ணிய மட்டும் அளந்து கழிக்காதீங்க, கிளாஸ் சுவர்ல ஒட்டினதெல்லாம் துகளுக்குள்ள இருக்கிற மாதிரி கணக்கு காட்டிடும். கொஞ்சம் துகள கரைச்சு நேராவும் அளங்க, 475 நானோமீட்டர்ல, ஸ்டாண்டர்டும் அதே சால்வென்ட்ல போட்டு.

ரிலீஸுக்கு டயாலிசிஸ் பை (மருந்து வெளிய வரும், துகள் உள்ளயே நிக்கும்), பிஹெச் 7.4 பஃபர் (பிஹெச் மாறாத உப்புக் கரைசல்), 37 டிகிரி, பஃபர்ல கொஞ்சம் அஸ்கார்பிக் ஆசிட். பஃபர் அளவு, மருந்து முழுக்க வெளிய வந்தாலும் செறிவு கரையும் எல்லைல மூணுல ஒரு பங்க தாண்டாத மாதிரி இருக்கணும், இல்லன்னா நீங்க அளக்கிறது துகளோட குணம் இல்ல, தண்ணியோட கொள்ளளவு. பக்கத்துலயே மூணு பை ஓடணும்: ஓட்டைத் துகள், ஓட்டை இல்லாத துகள், வெறும் மருந்துக் கரைசல். மூணாவது ஏன்னா பையே மருந்த கொஞ்சம் பிடிச்சு வைக்கும், அந்தத் தாமதத்த துகளோட சாதனையா எழுதிடக் கூடாது. சில பேர் மஞ்சள்ல இருந்து வர்ற குர்குமின ஈஸின்னு எடுப்பாங்க, அது 37 டிகிரில இந்த மாதிரி பஃபர்ல அரை மணி நேரத்துலயே 90% பக்கம் சிதைஞ்சிடும்னு 1997-லயே காட்டிட்டாங்க, ரிலீஸ் நின்னு போச்சுன்னு நீங்க நினைக்கிறது அங்க மருந்து செத்துப் போனதாத்தான் இருக்கும்.

அரை மணி, ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, 24, 48-ன்னு எடுங்க, எடுத்த அளவுக்கு புது பஃபர் ஊத்துங்க, எடுத்துட்ட மருந்தையும் கணக்குல கூட்டுங்க. கடைசி சாம்பிள் எடுத்ததும் பைய தூக்கிப் போட்டுடாதீங்க, எல்லாரும் அங்கதான் விடுறாங்க. பைக்குள்ள மிச்சம் இருக்கிற துகள வழிச்சு எடுத்து கரைச்சு அதுல எவ்வளவு மருந்து நிக்குதுன்னு அளங்க. வெளிய வந்ததும் உள்ள நின்னதும் சேந்து நீங்க ஏத்தினதுக்குப் பக்கத்துல வரணும். 60, 70%-லயே நின்னுடுச்சுன்னா மருந்து எங்கயோ சிதையுது இல்ல எங்கயோ ஒட்டுது, அது எங்கன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த கிராஃப கைடுகிட்ட காட்ட வேணாம்.